எங்கள் தெருவுக்கு அடியில் மூன்று படியும் அரை அம்மியும்

இருபத்தாறாம் தெரு:

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன் டவுனில் இருந்து எழுதுகிறேன். கோவில் ராத்திரிப் பள்ளியில் படித்த தமிழ்தான், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் வடிகால் சரி பண்ண ஒரு பள்ளம் வெட்டினார்கள். எங்கள் வாசலில் தொடங்கி எதிர் டீக்கடை வரைக்கும், ஆள் இறங்கி நின்றால் நெஞ்சு மறையும், அவ்வளவு ஆழம். முப்பத்தெட்டு வருடமாக இந்தத் தெருவில்தான் நடக்கிறேன், பள்ளிக்கூடம் போனது, தண்ணீர் தூக்கினது, தாத்தாவைக் கடைசியாகத் தூக்கிப் போனது எல்லாம் இதே தெரு. அதன் வயிறு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தாத்தா உயிரோடு இருந்தபோது அடிக்கடி ஒன்று சொல்வார். "நம்ம வீட்டுக்கு அஞ்சு படிடா, மழைத் தண்ணி மூணாவது படியைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை" என்பார். எங்கள் வீட்டு வாசலில் இருப்பதோ இரண்டே படி. ஆடி மாசத்தில் ஆற்றில் ஏற்றம் இருக்கும் நாளில் நல்ல மழை பிடித்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். வயசாகி நினைவு குழம்பிவிட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

பள்ளம் வெட்டின மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், எங்கள் இரண்டாவது படிக்குக் கீழே இன்னும் மூன்று படி இருக்கிறது. செங்கல் வைத்துக் காரை பூசின படி. மேலே இருந்து எண்ணினால் நாலாவது படியின் நடுவில், காலடி பட்டுப் பட்டு ஒரு கிண்ணம் மாதிரி குழிந்திருக்கிறது. நான் பள்ளத்தில் இறங்கி அந்தக் குழியில் என் காலை வைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

படிக்குப் பக்கத்துச் சுவரில் தாரும் ஜல்லியும் மாறி மாறி ஏழு அடுக்கு எண்ணினேன். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். தாத்தா சொன்னது சரி. தெருதான் ஏறியிருக்கிறது.

இன்னும் மூன்று பொருள் கிடைத்தது. ஒரு பெரிய வார்ப்பிரும்புக் குழாய், அது அப்படியே கிடக்கிறது. ஒரு கோலி சோடா பாட்டில், கழுத்து மட்டும் உடைந்திருக்கிறது, உள்ளே கோலி பத்திரமாக இருக்கிறது. அப்புறம் பாதியாக உடைந்த ஒரு கருங்கல் பலகை, வேலை செய்கிற பர்மியப் பையன்கள் கடப்பாரையால் நெம்பி வெளியே போட்டுவிட்டார்கள், நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு அம்மிக்கல் மாதிரி தெரிகிறது. இதெல்லாம் என்ன, எந்தக் காலத்தது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பள்ளத்தை மூட இன்னும் நாலைந்து நாள்தான் இருக்கிறது.

பெகு வாத்தியார்:

தம்பி, மூன்று படியைப் படித்ததும் எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. உன் தாத்தா சொன்னதைப் போலப் பல வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்துச் சொன்னவன் நீதான்.

ஒன்று புரிந்துகொள். ரங்கூன் டவுனில் நீ நிற்பது பெரும்பாலும் நிரப்பின மண். அலாங்பயா மன்னர் 1755இல் டகோனைப் பிடித்து யாங்கோன் என்று பெயர் வைத்தபோது ஆற்றோரத்தில் மரவேலி போட்ட ஒரு சின்ன ஊர், சுற்றிலும் சதுப்பு, ஓடைக்கால், ஏற்றத்தண்ணீர் வந்து போகிற இடம். 1852 யுத்தத்தில் ஆங்கிலேயர் பிடித்த பிறகு, சிங்கப்பூரில் வேலை பார்த்த மாண்ட்கமரி என்கிற மருத்துவரும் பிரேசர் என்கிற பொறியாளரும் சூலே பகோடாவை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டார்கள். மனையை விற்று வந்த பணத்தில்தான் கரை கட்டினதும் பள்ளத்தை மேடாக்கினதும் ரோடு போட்டதும். கோடு போட்ட இருவர் பெயரும் தெருவுக்கு வந்தது. பிரேசர் தெருதான் இன்றைய அனோயதா சாலை, மாண்ட்கமரி தெருதான் இன்றைய போஜோ ஆங் சான் சாலை, டல்ஹௌசி தெரு மகா பந்துலா ஆகிவிட்டது, நம்மவர்கள் உயிராக நினைத்த மொகல் தெரு ஷ்வே பொன் தா ஆகிவிட்டது. உன்னுடைய எண் போட்ட தெருக்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன, எண்ணுக்கு யாரும் பெயர் மாற்றவில்லை.

மண் சுமந்தவர்கள் பெயர் எந்தத் தெருவுக்கும் இல்லை. கப்பலில் மேஸ்திரி கூட்டி வந்த ஆட்கள், தெலுங்குப் பக்கத்து ஆட்கள், நம் ஆட்கள். உன் பள்ளத்துச் சுவரில் செங்கலுக்கும் கீழே சாம்பல் நிறத்தில் சேறு தெரிந்தால் அதைப் படம் எடுத்து வை. அதுதான் பழைய ஆற்றங்கரை.

இருபத்தாறாம் தெரு:

ஐயா, சாம்பல் சேறு இருக்கிறது! அடியில் ஒரு முழம் தெரிகிறது. கையில் எடுத்தால் வழவழவென்று இருக்கிறது, ஆற்று வாடை அடிக்கிறது. கிளிஞ்சல் துண்டுகள் கூட இருக்கின்றன. படம் எடுத்துவிட்டேன்.

வியாசர்பாடி பர்மாக்காரன்:

அண்ணே, நான் சென்னையில் இருந்து. எங்கள் அப்பா பத்து வயசில் 1964இல் கப்பலேறி வந்தவர். ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்று சொன்ன கையோடு கடையையும் எடுத்துக்கொண்டார்கள், தாத்தா ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். அப்பாவுக்கு இன்றைக்கும் 'மொகல் தெரு' என்றால் போதும், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவார். நீங்கள் எழுதினதை வாசித்துக் காட்டினேன். "படிக்கட்டில் உட்கார்ந்து சாயங்காலம் பேசுவோம், தெருவுக்கும் எங்களுக்கும் நடுவில் கால் தொங்கும்" என்றார். கால் தொங்கும் உயரம் இருந்தது என்றால் ஐந்து படி சரிதானே.

ஒரு சந்தேகம். ராஜேந்திர சோழன் கடாரம் வரைக்கும் போனானே, இந்தக் கல் அந்தக் காலத்தது இருக்க வாய்ப்பு உண்டா? மொகல் தெரு என்ற பெயர் கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷாவால் வந்ததா?

கல்லும் எழுத்தும்:

தம்பி, ஆசை புரிகிறது, ஆனால் இல்லை. கடாரம் என்பது மலேயாவில் கெடா. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி இருபத்தாறாம் தெரு இருக்கிற இடம் சோழன் காலத்தில் சேறும் ஓடையும்தான். அந்த மண்ணில் ஆயிரம் வருடத்து அம்மி இருக்காது.

பர்மாவில் நமக்கு நிஜமாகவே பழைய தடம் வேண்டும் என்றால் பகானுக்குப் போங்கள். அங்கே 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, மேலே சமஸ்கிருதம், கீழே தமிழ். மலைமண்டலத்து, அதாவது கேரளப் பக்கத்து மகோதயர்பட்டினத்தில் இருந்து வந்த குலசேகர நம்பி என்கிற ஒருவர், நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோவிலுக்கு மண்டபமும் கதவும் செய்து கொடுத்து, நின்று எரிய ஒரு விளக்கும் வைத்தார் என்று சொல்கிறது. நானாதேசி என்றால் பல தேசமும் போகிற வணிகர் கூட்டம். எழுதப்பட்ட கல்லே இருக்கும்போது எழுதாத கல்லைச் சோழன் தலையில் கட்ட வேண்டாம்.

மொகல் தெரு பற்றி. அன்றைய ரங்கூனில் மொகல் என்று சொன்னால் பாரசீக வழி வந்த ஷியா முஸ்லிம் வியாபாரிகள். முப்பதாம் தெருவில் மொகல் ஷியா மசூதி இன்றைக்கும் இருக்கிறது. பகதூர் ஷா இங்கே கைதியாக வந்தார், அது வேறு கதை.

சரி, கல்லுக்கு வருவோம். இருபத்தாறாம் தெரு தம்பி, எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்தக் கல் பள்ளத்தில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணில் கிடந்தது? பாட்டில் எங்கே கிடந்தது? கோலி சோடா பாட்டிலுக்கு 1872இல்தான் காப்புரிமை வாங்கினார்கள், அதனால் பாட்டில் கிடந்த மண் அதற்குப் பிறகு கொட்டினது என்பது உறுதி. கல்லும் அதே மண்ணில் என்றால் ஒரு பதில், வேறு மண்ணில் என்றால் வேறு பதில்.

குழாய் வேலை:

நான் டவுனில் குழாய் வேலை எடுத்துச் செய்கிறவன், இருபது வருடமாக இந்தத் தெருக்களுக்கு அடியில்தான் பிழைப்பு. அந்த வார்ப்பிரும்புக் குழாயைப் பற்றி நான் சொல்கிறேன்.

படத்தில் பார்த்தேன். ரொம்பச் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அந்தக் குழாய் 1888இல் தொடங்கின கழிவுநீர் ஏற்பாட்டைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும், அந்த வளையக் காலரையும் ஈயம் காய்ச்சி ஊற்றின மூட்டையும் பார்த்தாலே தெரிகிறது. டவுன் தட்டையான நிலம், ஆற்று ஏற்றம் வந்தால் சாக்கடை தானாக ஓடாது, திரும்பி வந்துவிடும். அதனால் ஷோன் என்கிற பொறியாளர் கண்டுபிடித்த முறையைக் கொண்டுவந்தார்கள். தெருவுக்கு அடியில் அங்கங்கே இரும்புத் தொட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கழிவு எல்லாம் சரிவில் ஓடி வந்து அந்தத் தொட்டியில் சேரும். தொட்டி நிரம்பினதும் உள்ளே இருக்கிற மிதவை தூக்கி வால்வைத் திறக்கும், ஓர் இடத்தில் இருந்து அழுத்தி அனுப்புகிற காற்று குழாய் வழியாக உள்ளே பாய்ந்து மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். மறுபடி மூடிக்கொள்ளும். மோட்டார் கிடையாது, ஆள் கிடையாது, காற்றுதான். அப்படிப்பட்ட தொட்டி டவுனில் நாற்பது. நூறு வருடத்துக்கும் மேலாக ஆற்றில்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள், 2005இல்தான் பொட்டட்டாங்கில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு வேலை செய்யும்போது, ஊர் அடங்கின நேரத்தில், மூடிக்கு அடியில் 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு வரும் பாருங்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விக்டோரியா ராணி காலத்து மூச்சு அது.

இது வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு வாளி. பின்சந்து வழியாக வந்து வாளியைத் தலையில் தூக்கிப் போனவர்கள் தெலுங்கரும் நம்மவரும். குழாய் வந்த பிறகும் அந்த வேலை அதே சனத்தை விடவில்லை, இது வேறு. ரங்கூன் கட்டிடத்து அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பின்சந்தைப் பற்றியும் எழுத வேண்டும்.

தட்டோன் மருமகள்:

தம்பி, குறுக்கே பேசுவதற்கு மன்னித்துக்கொள். அது அம்மிதான் என்று எப்படி முடிவு பண்ணினாய்? நான் தட்டோனில் வாழ்க்கைப்பட்டவள், மாமியார் பாதி மோன் இனத்தவர். இங்கே வீட்டுக்கு வீடு தனகா, அதாவது முகத்தில் பூசுகிற மரப்பட்டைச் சாந்து, அரைக்கிற கல் இருக்கும், சௌபியின் என்று சொல்வார்கள். அதுவும் கருங்கல்தான், அதுவும் நடுவில் தேயும். பாதியாக உடைந்து சேறு அப்பிக் கிடந்தால் எதையும் அம்மி என்று சொல்லிவிடலாம். நம்மவர் கல் என்று ஆசைப்படுகிறோம் என்பதற்காக அது நம்மவர் கல் ஆகிவிடாது. பர்மியக் குடும்பமும் அந்தத் தெருவில் இருந்திருக்கும் அல்லவா?

வித்தியாசம் சொல்கிறேன், கழுவிப் பார். தனகா கல் வட்டம். ஓரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும், அரைத்த தண்ணீர் வடிய. மேல்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், ஏனென்றால் மரப்பட்டையைத்தான் தேய்க்கிறோம். அம்மி என்றால் நீளச் சதுரம், வாய்க்கால் கிடையாது, உளியால் கொத்தின புள்ளி புள்ளியாக இருக்கும், இல்லாவிட்டால் மிளகாய் மசியாது.

இருபத்தாறாம் தெரு:

அக்கா, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கோபம் எல்லாம் இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் தேங்காய் நாரும் தண்ணீரும் வைத்துத் தேய்த்துக் கழுவினேன்.

மூன்று பக்கம் நேராக இருக்கிறது, நாலாவது பக்கம்தான் உடைவு. இரண்டு முனையும் முழுசாக இருக்கின்றன. அகலம் ஒரு சாணும் நாலு விரலும். ஓரத்தில் வாய்க்கால் இல்லை. நடுவில் உடைவை நோக்கிப் போகப் போகக் குழிகிறது, குழிக்குள் உளிப்புள்ளி நன்றாகத் தெரிகிறது, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது.

அப்படியானால் அம்மிதானே அக்கா?

தட்டோன் மருமகள்:

அம்மிதான். சந்தேகமே இல்லை. நான் கேட்டதே உறுதியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் ஊரில் இருந்து கப்பலில் வந்த கல் என்று மட்டும் சொல்லிவிடாதே. எங்கள் பக்கத்தில் கருங்கல் மலை உண்டு, மொக்பலின் குவாரிக் கல் ரங்கூனுக்கு நிறைய வந்தது. இங்கேயே வாங்கிக் கொத்தின அம்மியாகவும் இருக்கலாம்.

இருபத்தாறாம் தெரு:

கல்லும் எழுத்தும் அண்ணனுக்குப் பதில். கல் எங்கே கிடந்தது என்று நான் பார்க்கவில்லை. நான் வரும்போது மண்குவியல் மேல் கிடந்தது. நீங்கள் கேட்ட பிறகு ராத்திரி முழுக்க அதுதான் மனசில். பத்து நிமிடம் முன்னால் வாசலுக்கு வந்திருந்தால் பார்த்திருப்பேன்.

இன்று காலை கடப்பாரை பிடித்த பையனைத் தேடிப் பிடித்தேன். டெல்டா பக்கத்துப் பையன், இருபது வயசு இருக்கும். டீயும் நான்ரொட்டியும் வாங்கிக் கொடுத்து, அந்தக் கல் எங்கே இருந்தது, காட்டு என்றேன். இறங்கிக் காட்டினான். இரும்புக் குழாய்க்கு மேலே இல்லை. குழாயில் இருந்து இரண்டு முழம் தள்ளி, டீக்கடைப் பக்கத்துச் சுவரில், தெருவுக்கு அடியில் ஓடுகிற செங்கல் வரிசைக்குக் கீழே, சாம்பல் சேற்றுக்கு மேலே. கல் கிடந்த குழி இன்னும் சுவரில் அப்படியே இருந்தது, அம்மியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், பொருந்தியது! பாட்டில் குழாய்க்கு நேர் மேலே கிடந்தது என்று அவனே சொன்னான், கேட்காமலேயே.

கல்லும் எழுத்தும்:

தம்பி, அந்தப் பையனுக்கு இன்னொரு டீ என் கணக்கில். நீ செய்தது பெரிய வேலை.

இப்போது பாருங்கள். குழாய் புதைக்க ஒரு வாய்க்கால் வெட்டியிருப்பார்கள், புதைத்துவிட்டு மறுபடி மண் தள்ளி மூடியிருப்பார்கள். அந்த மூடின மண் கலவையாக, கறுப்பும் பழுப்பும் செங்கல் தூளும் கலந்து இருக்கும். பாட்டில் அதில் கிடந்தது. அதனால் பாட்டில் குழாய் போட்டவர்கள் காலத்ததோ அதற்குப் பின்னால் யாராவது குழாயைத் தோண்டிப் பார்த்த காலத்ததோ. அம்மி அந்த வெட்டுக்கு வெளியே, தொடாத மண்ணில், செங்கல் வரிசைக்கும் அடியில். செங்கல் வரிசை அங்கே அறுபடாமல் ஓடுகிறது என்றால், அது போடுவதற்கு முன்பே அம்மி மண்ணுக்குள் போய்விட்டது. சேற்றை மேடாக்கக் கொட்டின மண்ணோடு, உடைந்த சட்டி, ஓடு, குப்பையோடு போயிருக்கும்.

வருடம் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் இந்தத் தெரு தெருவாக ஆவதற்கு முன்னாலேயே, இல்லாவிட்டால் ஆகிக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் எங்கோ ஒருவர் அம்மியில் மிளகாய் அரைத்திருக்கிறார். அனோயதா சாலைக் காளியம்மன் கோவில் 1871. அந்தக் கோவிலைக் கட்டுகிற அளவுக்கு நம் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள் என்றால் அதற்கு முன்பே அடுப்பு எரிந்திருக்க வேண்டும் அல்லவா.

வியாசர்பாடி பர்மாக்காரன்:

அப்படியென்றால் அது செட்டியார்கள் வட்டிக்கடை வைத்துத் தங்கின கிட்டங்கி இருந்த இடமாக இருக்கலாம் இல்லையா? மொகல் தெரு என்றாலே செட்டியார்தானே. கிட்டங்கியில் சமையல்காரர் இருப்பார், அம்மி இருக்கும்.

பெகு வாத்தியார்:

இருக்கலாம் தம்பி, ஆனால் ஏன் உடனே கிட்டங்கி? எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். பர்மாத் தமிழர் என்றால் எல்லாருக்கும் செட்டியார் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. காரைக்குடி வீட்டுத் தேக்குத் தூண் ஞாபகம் வருகிறது. அது உண்மைதான், 1930 வாக்கில் பர்மாவில் 1,600க்கு மேல் செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன, கீழ்ப் பர்மா நெல்வயலில் கால் பங்கு பின்னால் கடனுக்கு அவர்கள் கைக்கு வந்து, அதனால் பர்மியர் மனசில் நமக்கு வந்த கசப்பும் உண்மைதான். அந்தக் கசப்பை இன்றுவரை அனுபவிப்பது கணக்குப்பிள்ளை குடும்பம் இல்லை, கூலி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நம்மைப் போன்றவர்கள்.

1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் மொத்தம் 4,00,415 பேர், அதில் இந்தியர் 2,12,929. பாதிக்கு மேல். இரண்டு லட்சம் பேரில் செட்டியார் எத்தனை பேர் இருந்திருப்பார்? மீதி யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், அரிசி ஆலையில் நெல் அள்ளினவர், ரிக்‌ஷா இழுத்தவர், வாளி சுமந்தவர், சூலியா மசூதிப் பக்கம் கடை வைத்திருந்த நம் முஸ்லிம் சகோதரர்கள். ஒரே அறையில் இருபது முப்பது பேர் படுத்து எழுந்தவர்கள். அம்மி அவர்களுடையதாகவும் இருக்கலாம். கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர்களுக்குச் சரித்திரம் இருக்கிறது. இவர்களுக்கு உடைந்த கல்தான் இருக்கிறது, அதையும் கிட்டங்கிக்கு எழுதி வைத்துவிடாதே.

வியாசர்பாடி பர்மாக்காரன்:

ஐயா, மன்னிக்க வேண்டும். எங்கள் தாத்தாவே லாஞ்சுத் துறையில் மூட்டை தூக்கித்தான் கடை வைத்தார். யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

குழாய் வேலை:

தம்பி, அம்மியை என்ன செய்யப் போகிறாய்? என்னைக் கேட்டால் காளியம்மன் கோவிலில் கொடுத்துவிடு. அங்கே இருந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், பாதுகாப்பாகவும் இருக்கும். இந்தத் தொழிலில் நான் கண்ணால் பார்த்தது, தோண்டி எடுக்கிறது எல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகிறது. போன தடவை மகா பந்துலா முனையில் நடுவில் பள்ளம் விழுந்த தண்டவாளத் துண்டு ஒன்று வெளியே வந்தது. சக்கரத்து விளிம்பு உட்கார அப்படிப் பள்ளம் வைப்பது டிராம் தண்டவாளத்துக்குத்தான். 1906இல் மின்சார டிராம் ஓடின தடம் அது, யுத்தத்தோடு நின்றுபோனது. மதியம் சாப்பிடப் போய்த் திரும்பி வருவதற்குள் எடைக்குப் போய்விட்டது.

தட்டோன் மருமகள்:

கோவிலில் வேண்டாம் அண்ணா. கோவிலில் வைத்தால் ஒரு வாரத்தில் மஞ்சள் பூசிப் பூப் போட்டுவிடுவார்கள், உளிப்புள்ளி எல்லாம் எண்ணெய் ஏறி அடைந்துவிடும். அம்மி அம்மியாக இருக்கட்டும். அதோடு சட்டமும் இருக்கிறது, 2015இல் வந்த பழம்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால் சொல்ல வேண்டும். வார்டு அலுவலகத்தில் சொல்லிவிடு தம்பி, அப்புறம் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

கல்லும் எழுத்தும்:

அக்கா சொல்வதுதான் என் கட்சியும். எங்கே வைத்தாலும் சரி, எங்கே கிடந்தது என்ற குறிப்பு கல்லோடு இருக்க வேண்டும். குறிப்பு இல்லாத கல் வெறும் கல்.

வடிகால் தோண்டும்போது ஊர் விழித்துக்கொண்டதற்கு ரங்கூனிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது, முதலில் தம்பி கேட்ட பகதூர் ஷா. 1862 நவம்பர் 7இல் இறந்தார், அன்றைக்கே புதைத்தார்கள். ஜனங்கள் வந்து கூடக்கூடாது என்று மண்ணைச் சமப்படுத்திப் புல் பதித்து, சுற்றி மூங்கில் வேலி போட்டார்கள். வேலி மக்கிப் போகிறதற்குள் புல் மூடிவிடும், கடைசி மொகலாயர் கிடக்கிற இடம் தெரியாமல் போய்விடும் என்று காவலுக்கு இருந்த அதிகாரி எழுதியே வைத்தார். அப்படியேதான் ஆனது. பின்னால் இங்கேதான் இருக்கும் என்று குத்துமதிப்பாக ஓரிடத்தில் தர்கா எழுப்பினார்கள். 1991 பிப்ரவரி 16இல் அங்கே வடிகாலுக்குத் தோண்டின தொழிலாளிகள் மூன்றரை அடி ஆழத்தில் செங்கல் கட்டின நிஜக் கல்லறையைக் கண்டார்கள். 128 வருடம். பேரரசர் என்பதால் ஊருக்கே தெரிந்தது.

இருபத்தாறாம் தெரு:

கடைசியாக ஒரு பதிவு. நேற்று மாலை பள்ளத்தை மூடிவிட்டார்கள். மூன்று படியையும் உடைக்காமல் மண் தள்ளச் சொல்லிக் கேட்டேன், அந்தப் பையனே கையால் மண்ணைத் தட்டித் தட்டி நிரப்பினான். அதற்கு முன்னால் சுவர் முழுவதும் அளவுநாடா வைத்துப் படம் எடுத்தாயிற்று. வார்டு அலுவலகத்தில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள், கல் உன்னிடமே இருக்கட்டும் என்றார்கள். கிடந்த இடம், ஆழம், எந்தப் பக்கம் எல்லாம் தமிழிலும் பர்மியத்திலும் எழுதி ஒரு தகர டப்பாவில் போட்டுக் கல்லோடு கட்டி வைத்திருக்கிறேன்.

ஆயாவுக்கு எண்பத்தாறு வயசு. மாடியில் இருந்து இறங்க முடியாது, அதனால் நான்தான் அம்மியை மேலே தூக்கிப் போனேன். பார்வை மங்கல், கையால் தடவித்தான் பார்த்தார்கள். ரொம்ப நேரம் தடவினார்கள். "ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு பாரு. நாலு பேர் மாத்தி மாத்தி அரைச்சா சமமாத் தேயும். இது ஒரே ஆளு வருஷக்கணக்கா அரைச்ச கல்லு" என்றார்கள். அப்புறம் விரலை உடைவோரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு உளிப்புள்ளி மட்டும் மற்றதை விட ஆழமாக இருக்கிறது, சரியாக உடைவுக் கோட்டின் மேலேயே, பாதிப் புள்ளி, அதுவரைக்கும் நான் கவனிக்கவே இல்லை. மற்ற புள்ளிகளும் மழுங்காமல் கூர்மையாக இருப்பதைக் காட்டினார்கள்.

"கொத்துறப்ப உடைஞ்சிருக்கு. கொத்தின பிறகு இதுல ஒரு மிளகாகூட அரைக்கலை" என்றார்கள்.

ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மி கொத்துகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவாராம், கொத்தி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பார்களாம், கல் விரிசல் விட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே.

மீதிப் பாதி எங்கே என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் தோண்டவில்லை ஆயா, டீக்கடைக்கு அடியில் இருக்கும் என்றேன். டீக்கடைக்காரரிடம் சொல்லி என் நம்பர் கொடுத்து வைத்திருக்கிறேன், அவர் வாசலில் யார் கடப்பாரை எடுத்தாலும் முதலில் என்னைக் கூப்பிடச் சொல்லி.